கரையேறி புறா புடிச்ச கெளுத்தியும் அதுக்கு இல்லாமப் போன முள்ளும்

பிரான்ஸோட தென்மேற்குப் பக்கத்துல ஆல்பின்னு ஒரு ஊரு, டார்ன் ஆத்தங்கரையில இருக்கு. ஊரே செங்கல் கலரு, நடுவுல கோட்டை மாதிரி ஒரு பெரிய செங்கல் தேவாலயம், 2010ல யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியல்ல சேத்தாங்க. ஆத்துக்குக் குறுக்க ஆயிரம் வருஷத்தத் தொடப் போற ஒரு பழைய பாலமும் உண்டு. வர்ற டூரிஸ்ட் எல்லாம் அண்ணாந்து பாத்து போட்டோ எடுக்குற ஊரு. 2011 கோடையில மட்டும் கொஞ்சப் பேரு பாலத்து மேல நின்னுக்கிட்டு கேமராவக் கீழ பாத்து வெச்சிருந்தாங்க, அவங்களுக்குத் தேவாலயம் வேணாம், ஆத்து நடுவுல இருந்த கூழாங்கல் திட்டும் அதுல தண்ணி குடிக்க, குளிக்க எறங்குற புறாக் கூட்டமும்தான் வேணும்.

அந்தத் திட்டுல நடந்தது இதான். புறாங்க கால் நனையுற ஆழத்துல நின்னு ரெக்கைய அடிச்சுக் குளிக்குதுங்க. ரெண்டு மூணு அடி தள்ளி தண்ணிக்குள்ள பெரிய நிழலு ஒண்ணு மெதுவா வருது, மேல இருந்து பாக்குறதால நமக்குத் தெரியுது, புறாவுக்குத் தெரியல. தலை முன்னாடி மேல்தாடை மீசை ரெண்டும் வெறச்சு நிக்குது. திட்டோரத்துல கொஞ்ச நேரம் இழையுது, அப்புறம் வால ஒரு அடி அடிச்சுக் கரை மேலயே பாயுது, சில தடவ பாதி உடம்பு வெளிய வந்து கல்லு மேல கெடக்குது, வாயில புறா இருந்தாலும் இல்லாட்டியும் அப்படியே நெளிஞ்சு பொரண்டு தண்ணிக்குத் திரும்பிடுது. எல்லாம் சேந்து ஒண்ணுல இருந்து நாலு செகண்டு. கண்ண சிமிட்டிட்டா போச்சு, வீடியோவ மறுபடி ஓட்டித்தான் பாக்கணும், நான் அப்படித்தான் பாத்தேன், ஒரு பத்துப் பதினஞ்சு தடவ இருக்கும்.

மீனு பேரு வெல்ஸ் கெளுத்தி. ஐரோப்பாவுலயே பெரிய ஆத்து மீன்கள்ல ஒண்ணு, 2023 மே மாசம் இத்தாலியில ‘போ’ங்குற ஆத்துல புடிச்ச ஒண்ணு 285 சென்டிமீட்டர் இருந்துச்சு, நம்ம வீட்டு வாசக்கால விட ஒசரம். ஆனா ஆல்பியில புறா புடிச்சதுங்க அந்த சைஸ் இல்ல, சுமாரா 90ல இருந்து 150 சென்டிமீட்டருக்குள்ளதான். இத முதல்ல கவனிச்சதும் ஆராய்ச்சிக்காரங்க இல்ல, உள்ளூர்ல தூண்டில் போடுறவங்க. அவங்க சொன்னது காதுல விழுந்து துலூஸ் நகரத்துல இருந்து ஜூலியன் குஷெருசே, பிரெடெரிக் சாந்தூல்னு ரெண்டு ஆராய்ச்சிக்காரங்களோட குழு வந்து பாலத்துல நின்னு எண்ண ஆரம்பிச்சாங்க. மீன்காரன் சொல்ற கதைய யாரு நம்புவா, விட்ட மீனு எப்பவும் பெருசுதானேன்னு சிரிச்சுட்டுப் போயிருக்கலாம், போகல. அந்த ஒரு விஷயத்துக்கே அவங்க மேல எனக்கு மரியாதை.

எண்ணுனதுல 45 பாய்ச்சல் பதிவாச்சு, அதுல 100க்கு 28 வெற்றி. அதாவது பத்துக்கு மூணு கூட முழுசா இல்ல. கேக்க கம்மியா இருக்கலாம், ஆனா இது தரையில மூச்சு விட முடியாத ஒரு ஜீவன், தரையில நிக்குற, பறக்கத் தெரிஞ்ச ஒண்ணப் புடிக்கப் போகுது. 2012 டிசம்பர்ல ஆய்வுக் கட்டுரை வந்தப்ப இந்த மீனுக்கு நன்னீர் ஓர்கா திமிங்கலம்னு பட்டம் கொடுத்துட்டாங்க, அர்ஜென்டினாவுல வால்டெஸ் தீபகற்பத்துல ஓர்காங்க கரையில ஏறி கடற்சிங்கக் குட்டிய இழுத்துட்டுப் போகுமே, அந்த ஞாபகத்துல. பட்டம் பொருத்தம்தான், ஆனா ஓர்கா காத்துல மூச்சு விடுற ஜாதி, அது கரையில நாலு நிமிஷம் கெடந்தாலும் மூச்சு முட்டி சாகாது. கெளுத்திக்கு அந்த வசதி கெடையாது. சும்மா சொல்லக் கூடாது, ரிஸ்க் இதுக்குத்தான் ஜாஸ்தி.

எனக்குப் புடிச்ச எடம் இன்னொண்ணு. அசையாம நின்ன புறாவ அது தொடல. தண்ணியக் கலக்கிக்கிட்டு இருந்த புறா மேலதான் பாஞ்சுது. கண்ண வெச்சு வேட்டையாடுற மீனா இருந்தா சும்மா நிக்குற புறாதான் லட்டு மாதிரி, இல்லையா. வெல்ஸோட கண்ணு அந்தத் தலைக்குச் சம்பந்தமே இல்லாத சைஸ்ல மொளகு மாதிரி இருக்கும், அத நம்பி அது பொழைக்கல. மீசை மொத்தம் ஆறு, மேல ரெண்டு நீளம், கீழ நாலு குட்டை. தோலு முழுக்க ருசி பாக்குற மொட்டுங்க, செதிலே கெடையாது. உடம்போரத்துல தண்ணியோட அசைவ உணர்ற வரி. காத்துப்பையில இருந்து காதுக்கு எலும்புச் சங்கிலி போட்டுருக்கு, அதனால சத்தமும் நல்லாக் கேக்கும். இதுக்கு முன்னாடியே 2001ல இந்த மீன வெச்சு இருட்டு ரூம்ல ஒரு சோதனை பண்ணியிருக்காங்க, கும்மிருட்டுல குட்டி கப்பி மீன விட்டா, அந்தக் கப்பி நீந்திட்டுப் போன தடத்தையே மோப்பம் புடிக்கிற நாய் மாதிரி தொடந்து போய்ப் புடிக்குது, அந்தத் தடம் 10 செகண்டு பழசா இருந்தாக்கூட. தண்ணியில காலடித் தடமான்னு நானும் கேட்டேன், ஆமா, வால் அசைச்ச சுழல் கொஞ்ச நேரம் தண்ணியில நிக்கும், அத அது படிக்குது. அப்ப ஆல்பியில நடந்தது என்னன்னு யோசிங்க, புறா குளிக்குற அலைய அது தத்தளிக்கிற மீன் எழுப்புற அலை மாதிரிதான் படிச்சிருக்கணும், கரை எங்க முடியுதுங்குறது அதுக்கு ரெண்டாவது கவலை. இது என் ஊகம், ஆனா வீடியோல அந்த மீசை நிமிந்து நிக்குறதப் பாத்தா உங்களுக்கும் அப்படித்தான் தோணும்.

அடுத்தது, புறா இந்த மீனுக்குச் சாப்பாடா, இல்ல திருவிழா பலகாரமான்னு ஒரு கேள்வி வரும்ல. அதுக்கு மீன அறுத்து வயித்தப் பாத்தா நேத்து தின்னது மட்டும்தான் தெரியும். அதனால அவங்க மீனோட உடம்புத் திசுவுல கார்பன், நைட்ரஜன் அணுக்களோட வகை விகிதத்த அளந்தாங்க. தரையில வெளையுற தானியம் தின்னு வளந்த புறாவோட கார்பன் கணக்கு வேற, ஆத்துலயே வளந்த மீன், ஆத்துச் சிங்கி இறாலோட கணக்கு வேற, தின்னவன் உடம்புல ரெண்டும் பதிஞ்சுரும், மாசக்கணக்குல சாப்பிட்ட கதை அதுல இருக்கும். நைட்ரஜன் கணக்கு, யார யாரு திங்குறாங்குற சங்கிலியில மீனு எத்தனாவது படியில உக்காந்திருக்குன்னு காட்டும். அளந்து பாத்தா ஒரே ஆறு, ஒரே ஊரு, ஆனா சில மீனுக்குப் புறா சாப்பாட்டுல பெரிய பங்கு, சில மீனு புறாவ ஏறெடுத்தும் பாக்கல போல, மீனும் சிங்கி இறாலுமா ஓட்டியிருக்கு. ஆக கெளுத்தி புறா திங்கும்னு பொதுவாச் சொல்றது தப்பு, அந்த ஆத்துல சில கெளுத்திங்க அந்தத் தொழிலக் கத்துக்கிச்சு. இந்த மீனோட சொந்த ஊரு கிழக்கு ஐரோப்பா, டான்யூப், வோல்கா ஆத்துப் பக்கம், அங்கெல்லாம் தலைமுறை தலைமுறையா மனுசங்க இதப் பாத்துட்டு இருக்காங்க, இப்படிக் கரையேறுனதா அங்க பதிவு இல்லைன்னுதான் அந்தக் கட்டுரை சொல்லுது. டார்ன் ஆத்துக்கு இது 1983ல கொண்டுவந்து விட்ட வெளியூர்ப் பார்ட்டி. முப்பது வருசத்துக்குள்ள கரையேறக் கத்துக்கிச்சு.

வெளியூர்ல போய் இது பண்ற இன்னொரு வேலையும் இருக்கு, புறா கதை அளவுக்கு வைரல் ஆகல, ஆனா எனக்கு அதுதான் பெரிய கேஸு. அதே பகுதியில கரோன் ஆத்துல கோல்ஃபெக்னு ஒரு எடம், அங்க அணை. கடல்ல இருந்து முட்டை போட ஆத்துல ஏறி வர்ற சால்மன் அணையத் தாண்டணும்னு மீனுக்கு ஒரு லிஃப்ட் கட்டி வெச்சிருக்காங்க, நெசமாவே லிஃப்ட்தான், தண்ணித் தொட்டியோட தூக்கி மேல விடும். அந்த லிஃப்டுக்குப் போற வாய்க்கா குறுகலானது. வெல்ஸ் அங்க போய் உக்காந்துக்கிச்சு. 2016ல இருட்டுலயும் கலங்கல்லயும் ஒலிய வெச்சுப் படம் புடிக்கிற கேமராவ எறக்கிப் பாத்தா, அந்த வழியா வந்த 39 சால்மன்ல 14 அதோட வாய்க்குப் போயிருக்கு. சால்மன் ஆத்துக்குத் திரும்பி வரணும்னு வருசக்கணக்கா செலவு பண்ணி, குஞ்சு விட்டு, லிஃப்ட் கட்டி, கடைசியில லிஃப்ட் வாசல்லயே பந்தி விரிச்ச மாதிரி ஆயிப்போச்சு. அதுக்கப்புறம் கடல் லாம்ப்ரேன்னு விலாங்கு மாதிரி ஒண்ணு, அதுல 49க்கு ஒரு டேக் பொருத்தி விட்டாங்க, தின்ன வயித்துக்குள்ள போனா சிக்னல் மாறிரும் அந்த மாதிரி டேக், ஒரே மாசத்துல 100க்கு 80 வயித்துக்குள்ள. வளந்த சால்மனுக்கோ வளந்த லாம்ப்ரேக்கோ அந்த ஆத்துல அதுக்கு முன்னாடி இப்படி ஒரு எதிரி இல்ல, அதனால பயப்படவும் தெரியல.

சரி, இவ்வளவு நேரமும் வேட்டைக்காரன் கதையே பேசிட்டோம். இதே மீனு அரை விரல் நீளம் இருந்தப்ப என்னவா இருந்துச்சு?

தண்ணி 20 டிகிரிக்குக் கிட்ட சூடாகுறப்ப வெல்ஸ் முட்டை போடும். பொட்ட மீனோட எடையில கிலோவுக்குச் சுமாரா 30,000 முட்டைன்னு கணக்கு. ஆண் மீனு அந்தக் கூட்டுலயே நின்னு வாலால தண்ணிய விசிறிக்கிட்டு, முட்டை பொரியுற வரைக்கும் காவல் காக்கும். ஒரு மீனுக்கு லட்சக்கணக்குல முட்டை எதுக்குன்னு யோசிச்சாலே பதில் வந்துரும், பெரும்பாலானது யாரோ ஒருத்தருக்குச் சாப்பாடு. குஞ்சு தலப்பிரட்டை மாதிரி கருப்பா பெரிய தலையோட இருக்கும், அத பெர்ச், பைக்னு மத்த வேட்டை மீனுங்க திங்கும், நீர்க்காகம் திங்கும், நீர்நாய் திங்கும், அட சொந்தக்காரப் பெரிய வெல்ஸே திங்கும். வெல்ஸுக்கு வெல்ஸ் எதிரி. ஒரு மீட்டரத் தாண்டிட்டா மட்டும் லிஸ்டு சட்டுனு சுருங்கி, மனுசன் கையில இருக்குற தூண்டில் மட்டும்தான் பாக்கி நிக்குது.

இப்ப நம்மூரு கெளுத்திக்கு வரேன், ஏன்னா இந்தக் கேஸு எனக்குப் புரிஞ்சதே நம்ம கெளுத்தியாலதான். பவானி பக்கம் சின்ன வயசுல மண்புழு கோத்து தூண்டில் போடுவோம், கெளுத்தி மாட்டிச்சுன்னா தூக்குறப்பவே கிர்ர்ருனு ஒரு சத்தம் வரும், கதவுக் கீல் கிறீச்சுடுற மாதிரி. பக்கத் துடுப்பு முள்ளோட அடிய எலும்புக் குழியில தேய்ச்சு அது போடுற சத்தம் அது. சத்தம் கேட்டும் அறிவில்லாம அப்படியே கையால புடிச்சேன் ஒரு தடவ. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல சதை இருக்குல்ல, அங்க ஏறிச்சு. ஏறுனது கூடப் பரவால்ல, வெளிய இழுக்க வரல, ஏன்னா அந்த முள்ளோட ஓரத்துல ரம்பம் மாதிரி பல்லு உண்டு, உள்ள போறப்ப வழவழன்னு போயிரும், திரும்பி வர்றப்ப சதையக் கிழிச்சுட்டுத்தான் வரும். அன்னைக்கு ராத்திரி முழுக்க கை உப்பி விண்ணு விண்ணுன்னு தெறிச்சுது, அப்பத்தா மஞ்சளச் சுட்டு வெச்சுக்கிட்டே திட்டுனாங்க.

அந்த முள்ளு எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சா கோவமே வராது. முதுகுல ஒண்ணு, பக்கத்துக்கு ஒண்ணா ரெண்டு, மொத்தம் மூணு. மீனுக்குப் பயம் வந்தா மூணையும் விரிச்சுரும், விரிச்சதும் லாக் ஆயிரும். முதுகு முள்ளுக்கு முன்னாடி ஒரு குட்டி எலும்பு தாப்பா மாதிரி விழுந்துக்கும், அத நிமிண்டாம முள்ளு மடங்காது. பக்க முள்ளு அடியில உராஞ்சு இறுகிக்கும். லாக் ஆனதுக்கப்புறம் மீனு கஷ்டப்பட்டுப் புடிச்சுட்டு இருக்க வேண்டியதே இல்ல, செத்தாக்கூட முள்ளு நின்னபடி நிக்கும், கருவாட்டுல பாத்திருப்பீங்க. முழுங்க வர்றவனுக்கு இது ஒரு விரல் தண்டி மீனு இல்ல, மூணு பக்கமும் கம்பி நீட்டுன முக்கோணம். வாய் பத்தாது. பத்துனாலும் தொண்டையில நிக்கும். அமெரிக்காவுல தண்ணிப்பாம்புங்க சின்னக் கெளுத்தி வகைகள முழுங்கிட்டு, முள்ளு வயித்தக் குத்தி வெளிய நீட்டிக்கிட்டு இருக்குறத நெறைய பேரு பாத்து எழுதியிருக்காங்க. பெலிக்கன் தொண்டையில மாட்டிக்கிட்டு செத்ததும் உண்டு. நம்ம தேளி மீனு இன்னும் ஒரு படி மேல, அது முள்ளுல விஷமும் வெச்சிருக்கு, பேரு வெச்ச ஆளு கடி வாங்கித்தான் வெச்சிருப்பான், தேள்ல இருந்து தேளி.

இந்த முள்ளுக்கு வழி கண்டுபுடிச்ச ஒருத்தன் இருக்கான், அதான் டால்பின். மெக்சிகோ வளைகுடாவோட வடக்குக் கரையில கடல் கெளுத்தித் தலையா மெதந்துட்டு இருந்துச்சு, உடம்பு இல்ல, வெறும் தலை, சிலது இன்னும் உசுரோட வாய அசைச்சுக்கிட்டு. 2017ல இதப் பத்தி ஒரு ஆய்வு வந்துச்சு, டால்பின் கெளுத்தியோட தலைக்குப் பின்னாடி, முள்ளு முடியுற எடத்துல கடிச்சுத் துண்டிச்சுட்டு வால்பக்கத்த மட்டும் தின்னுட்டுப் போயிருக்கு. மூணு முள்ளும் தலையோட சேந்த எலும்புக் கூட்டுல இருக்குறதால தலைய விட்டா முள்ளயும் விட்டாச்சு. இத அங்க இருக்குற டால்பின்ங்க தெரிஞ்சு வெச்சிருக்கு, முள்ளு உள்ள குத்தி, கரையொதுங்கிச் செத்த டால்பினும் பதிவுல இருக்கு, அதனால இந்த வித்தைக்கு வெல கொடுத்துத்தான் கத்திருக்கணும். படிச்சப்ப எனக்கு எங்க சந்தையில மீன் வெட்டுற அக்காதான் கண்ணு முன்னாடி வந்தாங்க. அவங்க கெளுத்தியக் கையில எடுத்த உடனே செதில் பாக்க மாட்டாங்க, குடல் பாக்க மாட்டாங்க, அரிவாமனையப் புரட்டி முதுகுப் பக்கத்தால டொக் டொக் டொக்னு மூணு தட்டு, மூணு முள்ளும் போச்சு, அப்புறம்தான் மத்ததெல்லாம்.

இங்கதான் எனக்கு ஒரு கணக்கு ஓடுச்சு. ஆல்பி வெல்ஸோட போட்டோவ மறுபடி எடுத்துப் பாத்தேன். முதுகுத் துடுப்புன்னு கட்டை விரல் அளவுக்கு ஒண்ணு, கொடி மாதிரி, அதுல முள்ளே கெடையாது. பக்கத் துடுப்புல ஒரு முள்ளு இருக்கு, ஆனா நம்ம கெளுத்தி மாதிரி மூணு பக்கமும் தாப்பா போட்டு நிக்குற அமைப்பு இல்ல. அந்தக் குடும்பத்துலயே முதுகு முள்ளு கெடையாது. அந்தக் குடும்பத்துல நம்ம ஆளும் ஒருத்தர் இருக்கார், வாளை. கடல் வாளை இல்லங்க, பட்டை பட்டையா வெள்ளியா இருக்குமே அது இல்ல, ஆத்து வாளை, வாய் கண்ணத் தாண்டிக் கிழிஞ்சு உள்ள வரிசையா பல்லு இருக்கும். ஆத்துச் சுறான்னு சொல்றவங்களும் உண்டு. சங்கப் பாட்டுல வயலோரத்து மாமரத்துல இருந்து விழுற பழத்தப் பழனத்து வாளை கவ்வுறது வருமே, அந்த வாளை. கரையோரம் வாயப் பொளந்துட்டு காத்துக்கிட்டு இருக்குற குணம் இந்தக் குடும்பத்துக்குப் புதுசு இல்லன்னு இப்பத் தோணுது.

நம்மூரு கெளுத்தி கடைசி வரைக்கும் சின்ன மீனு, கடைசி வரைக்கும் யாரோ ஒருத்தரோட சாப்பாடு, அதனால அது காலம் முழுக்க முள்ளச் சொமந்துட்டுத் திரியுது. வெல்ஸும் வாளையும் வேற வழி போயிருக்கு, முள்ளுக்குச் செலவு பண்ற எலும்ப வளத்திக்குப் போட்டு, சீக்கிரம் எவன் வாயிலயும் அடங்காத சைஸுக்கு வந்துடுறது. அதுல ஆபத்து முழுக்க முதல் ஒண்ணு ரெண்டு வருசத்துல இருக்கு, அதத் தாண்டிட்டா ராஜா. விஞ்ஞானிங்க கட்டுரையில இப்படி எழுதல, ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்த என்னோட முடிவு இது. டார்ன்லயும் கரோன்லயும் அந்த ஆபத்துக் காலத்தத் தாண்டுனதெல்லாம் பத்து வருசத்துக்கு மேல ஆத்துல இருக்கும், வெல்ஸுக்கு ஆயுசு கெட்டி, இத்தன வருசம் எதிரியே இல்லாம ஒரு எடத்துல இருந்தா லிஃப்ட் வாசலயும் கண்டுபுடிக்கும் புறாக் குளத்தையும் கண்டுபுடிக்கும். 150 சென்டிமீட்டருக்குள்ளதே கரையேறுதுன்னா, ஆழத்துல நல்ல எடத்தயெல்லாம் அதவிடப் பெருசுங்க புடிச்சு வெச்சிருக்குமோன்னும் ஒரு சந்தேகம் எனக்கு.

போன ஐப்பசியில அணையில தண்ணி தெறந்து விட்ட வாரம், சந்தையில ரெண்டு வாளை வந்திருந்துச்சு, பெருசு முழங்கையத் தாண்டி இருந்துச்சு. இப்பெல்லாம் வாளை பாக்குறதே அபூர்வம். அக்கா அதத் தூக்கி மனையில வெச்ச உடனே நான் பழக்க தோஷத்துல கையப் பின்னாடி இழுத்தேன்.

"என்ன தம்பி பயப்படற, தொட்டுப் பாரு."

முதுகு மேல விரல ஓட்டுனேன், வழவழன்னு வால் வரைக்கும் போச்சு, நடுவுல அந்தக் குட்டித் துடுப்பு மட்டும் ஈரத் துணி மாதிரி மடங்கிச்சு. முள்ளே இல்லையேக்கான்னேன்.

அக்கா கத்தி நுனியால அதோட தாடையத் தூக்கிக் காட்டுனாங்க. "வாயப் பாத்தியா? முள்ளு எதுக்கு இதுக்கு?"